பதினான்கு முதல் முப்பத்தொன்று வரை

முத்துக்கோனூர்ப் பல்கலைக்கழகத்தில் யார் எந்த ஆய்வேட்டில் எதைக் கண்டுபிடித்துச் சொன்னாலும், வாய்மொழித் தேர்வு முடிந்து தேர்வாளர் கையெழுத்துப் போட்ட மறுநாள் காலை ஆறு மணிக்கு அது ஊருக்குள் அப்படியே நடந்துவிடும் என்பது ஊர்க்காரர்களுக்குப் பழகிப்போய் மூன்று வருஷமாகியிருந்தது. பழகாமல் இன்னமும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள் இசக்கியம்மாள் ஒருத்திதான், ஏனென்றால் பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே ‘பேராச்சி ஜெராக்ஸ் அண்டு பைண்டிங்’ வைத்திருந்தவள் அவள், ஊருக்கு வரப்போகிற எல்லா இழவும் முதலில் அவள் மேசைக்குத்தான் வந்து சேர்ந்தது.

முதலில் மாறியவை காக்கைகள். விலங்கியல் துறையில் ஒருவர், ஊர்க் காக்கைகள் மரங்களைக் கைவிட்டுச் செல்போன் கோபுரங்களில் கூடு கட்டுகின்றன என்று எழுதிப் பட்டம் வாங்கினார். மறுநாள் காலை வேம்பிலும் புளியிலும் இருந்த காக்கைகள் எல்லாம் குச்சியும் கம்பியுமாகக் கோபுரத்துக்குக் குடிபெயர்ந்தன, அமாவாசைக்குச் சோறு வைக்கிறவர்கள் இலையைக் கோபுரத்தடிக்குக் கொண்டுபோய் வைத்தார்கள், அவ்வளவுதான், அதற்குமேல் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அடுத்த மாதம் வரலாற்றுத் துறை, இந்த ஊரை உண்டாக்கிய முத்துக்கோன் அரசன் இல்லை, உப்பு வியாபாரி என்று நிறுவியது. பேருந்து நிலையத்தில் வாளை உருவிக்கொண்டு நின்ற சிலை, விடிந்து பார்த்தால் தோளில் மூட்டையோடு நின்றது, முகத்திலும் பாரம் சுமக்கிற களைப்பு வந்திருந்தது. புவியியல்காரர்கள் ஆற்றைப் பதினோரு மீட்டர் மேற்கே தள்ளினார்கள். கல்வியியல் துறை, ஆசிரியர்களின் மனப்பாங்கு நடுத்தரமாக உள்ளது என்றது. அன்றிலிருந்து ஊரில் நல்ல வாத்தியாரும் இல்லை, கெட்ட வாத்தியாரும் இல்லை, எல்லாரும் ஒரே மாதிரி சுண்ணாம்புக்கட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரே மாதிரி நின்றார்கள். நூற்றுக்கு நாற்பத்தொரு பேருந்து நடத்துநர்கள் மன அழுத்தத்தில் இருக்கிறார்கள் என்று உளவியல் துறை சொன்னதும், நடத்துநர்கள் சங்கத்தில் கூடி யோசித்து, முறை வைத்து அழுத்தத்தில் இருந்துகொண்டார்கள்.

இயற்பியல் பாவம், யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. மைனஸ் இருநூறு டிகிரியில் ஏதோ ஒரு படலம் எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் அவர்கள் ஆய்வு முழுக்க, அந்தத் துறையின் இரும்புக் கேட் மட்டும் சித்திரை வெயிலிலும் கை வைக்க முடியாமல் சில்லென்று இருந்தது, பூக்காரிகள் கூடையை அதில் சாய்த்து வைத்துக்கொண்டார்கள். கணிதத்தை ஊர் கையெடுத்துக் கும்பிட்டது. கணித ஆய்வேடும் மறுநாள் காலை ஆறு மணிக்கு உண்மையாகத்தான் ஆனது, ஆனால் எங்கே, யாருக்கு என்று கடைசிவரை ஒருவருக்கும் தெரியவில்லை.

கண்கலங்க வைத்தது மக்கள்தொகையியல்தான். இந்த வட்டாரத்து இளைஞர்களில் பத்துக்கு மூன்று பேர் பிழைப்புக்கு வெளியேறுகிறார்கள் என்று ஒருவர் புள்ளிவிவரத்தோடு எழுதிப்போட, மறுநாள் விடியும்போது வீட்டுக்கு வீடு எண்ணி எடுத்ததுபோலப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையத்தில் நின்றார்கள், ஏன் போகிறோம் எங்கே போகிறோம் என்று அவர்களுக்கும் தெரியவில்லை, தாய்மார்கள் புளிச்சோறு கட்டிக் கொடுத்து ஜன்னல் வழியாகக் கன்னத்தைத் தடவி அனுப்பி வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் ஊர் சுதாரித்தது.

பல்கலைக்கழகம் ஒரு குழு போட்டது. அப்படி எதுவும் நடப்பதற்கு ஆதாரம் இல்லை என்று குழு அறிக்கை கொடுத்தது. அறிக்கை ஆய்வேடு இல்லையாதலால் அதனால் எந்த விளைவும் ஏற்படவில்லை.

ஊர் தன் வழியைத் தானே பார்த்துக்கொண்டது. முன்பெல்லாம் வாய்மொழித் தேர்வுக்கு ஆய்வாளரின் சொந்தபந்தமும், லட்டும் மிக்சரும் தின்ன வருகிற மாணவர்களும்தான் வருவார்கள். இப்போது ஆட்டோக்காரர், கறிக்கடைக்காரர், கோயில் பூசாரி எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள், ஏனென்றால் அது பொதுத் தேர்வு, யார் வேண்டுமானாலும் எழுந்து கேள்வி கேட்கலாம் என்பது விதி. ‘ஆய்வின் எல்லைகள்’ என்று ஒரு பக்கம் உண்டு, இந்த ஆய்வு இந்த இடத்துக்கு, இந்தக் காலத்துக்கு மட்டுமே பொருந்தும் என்று அதில் எழுதியிருந்தால் அதைத் தாண்டி ஒன்றும் நடக்காது என்பதைக் கண்டுபிடித்தவர் ஒரு பழக்கடைக்காரர். அதிலிருந்து ஆய்வாளர்களைக் கண்டால் ஊரார், எல்லையைக் கொஞ்சம் சுருக்கி எழுதும்படி கெஞ்சத் தொடங்கினார்கள். யாராவது கேள்வித்தாளோடு வாசலில் வந்து நின்றால் பாய் விரித்து உட்கார வைத்து மணிக்கணக்காக உண்மையே பேசினார்கள். அந்த உண்மையைக் கேட்டு முடிக்கமுடியாமல் ஆய்வாளர்கள் பின்கட்டு வழியாக ஓடியதும் உண்டு.

இத்தனைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவள் இசக்கியம்மாள். கடை ஷட்டரைத் தூக்குமுன் பத்துப் பேர் நிற்பார்கள். ஒருத்தருக்கும் ஜெராக்ஸ் வேண்டாம். இன்றைக்கு எந்தத் துறை பைண்டிங்குக்கு வந்திருக்கிறது, முடிவுகள் வரும் ஐந்தாம் இயலில் என்ன போட்டிருக்கிறது, அது மேலத்தெருவுக்கா கீழத்தெருவுக்கா, மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள், சமூகவியல் ஏதாவது இருக்கிறதா என்று அவளைப் பிடுங்கி எடுப்பார்கள். அவள் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். ரெக்சின் அட்டை ஒட்டத் தெரியும், முதுகில் தங்க எழுத்துப் பதிக்கத் தெரியும், எந்தத் துறையாக இருந்தாலும் கடைசி வரி ‘இத்துறையில் மேலும் ஆய்வுகள் தேவை’ என்றுதான் முடியும் என்பதும் தெரியும். அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம், படுபாவிகளா, இன்னும் என்னடா வேண்டும் உங்களுக்கு என்று அவளுக்கு வயிறு எரியும்.

வெளியில் இப்படியென்றால் கடைக்குள் திரவியம். திரவியம் அவள் புருஷன், முப்பத்திரண்டு வருஷம் டவுன் பஸ்ஸில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவர் உடம்பு மட்டும்தான். ஜெராக்ஸ் எந்திரம் கிளம்பும்போதெல்லாம் பின்னால் நின்றுகொண்டு “ரைட்” என்பார். எந்திரம் நின்றால் “ஓல்டான்” என்பார். ஒரு நாளைக்கு முந்நூறு தடவை எந்திரம் கிளம்பும், முந்நூறு தடவை ரைட். குளித்துவிட்டு வந்து ஈரத்துண்டை எந்திரத்தின் மேலேயே போடுவார், சூட்டுக்குச் சீக்கிரம் காய்கிறதாம். சொல்லிச் சொல்லி அவளுக்கு நாக்குத் தேய்ந்ததே தவிர, அவருக்கு ஒன்றும் ஏறவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அமலோற்பவம் வந்தாள். கடற்கரைப் பக்கத்துப் பெண், சமூகவியலில் ஏழு வருஷமாக ஆய்வு செய்கிறாள், ஊரில் எல்லா மளிகைக் கடைக்காரருக்கும் அவளைத் தெரியும். வீட்டிலேயே தட்டச்சு செய்து, தம்பி வேலைபார்க்கிற இடத்தில் பிரிண்ட் எடுத்துத் தேர்வாளர்களுக்கு எட்டு மாதம் முன்பே அனுப்பிவிட்டாள். அறிக்கைகள் நல்லபடியாக வந்துவிட்டன, திங்கட்கிழமை வாய்மொழித் தேர்வு, ஐந்து பிரதி பைண்டிங் வேண்டும். கொடுத்த அவகாசமெல்லாம் இந்த மாதத்தோடு முடிகிறது என்றும், இதை விட்டால் ஏழு வருஷமும் தண்ணீரில் போட்ட உப்புதான் என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

இசக்கியம்மாள் தலைப்பைப் பார்த்தாள். ‘பல்கலைக்கழகச் சாலையில் சிறுதொழில் புரியும் பெண்களின் குடும்ப வாழ்நிலை’. வழக்கம்போல நேராக ஐந்தாம் இயலுக்குப் போனாள். நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் இருந்தது: பதிலளித்த நூற்று இருபத்தெட்டுப் பெண்களில் நூற்றுப் பதினேழு பேர், அதாவது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று புள்ளி நான்கு பேர், குடும்பத்தார் எவருமின்றித் தனித்து வாழ்கின்றனர்.

அவளுக்குக் கை நின்றது. ஏனென்றால் அந்தக் கேள்வித்தாள் அவளுக்கு ஞாபகம் இருந்தது.

ஐந்து வருஷத்துக்கு முன்னால், இந்தக் கூத்தெல்லாம் ஆரம்பிப்பதற்கும் முன்னால், இதே அமலோற்பவம் வயிற்றில் பிள்ளையோடு அட்டையும் பேனாவுமாகக் கடை வாசலில் வந்து நின்றாள். எந்திரத்தில் தாள் சிக்கியிருந்தது, பின்னால் திரவியம் ஓல்டான் ஓல்டான் என்று கத்திக்கொண்டிருந்தார். சாலையில் கடை இருக்கும் வரிசைப்படி தாளின் மூலையில் முப்பத்தேழு என்று எண் போட்டிருந்தது. பதிமூன்றாம் கேள்வி இப்படி இருந்தது: நீங்கள் குடும்பத்துடன் வசிக்கிறீர்களா? ஆம் எனில் பதினான்கு முதல் முப்பத்தொன்று வரையுள்ள கேள்விகளுக்கு விடையளிக்கவும். இல்லை எனில் முப்பத்திரண்டாம் கேள்விக்குச் செல்லவும். இசக்கியம்மாள் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. இல்லை என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டுப் பதினெட்டுக் கேள்வியை ஒரே எட்டில் தாண்டினாள். அதோடு நின்றாளா? மத்தியானம் இட்லிக்கடை பொன்னுத்தாய் வந்து, அந்தப் பிள்ளை என்னமோ எழுதச் சொல்லுதே என்று அலுத்துக்கொண்டபோது, இல்லைன்னு போடு, சுருக்கா முடிஞ்சிரும் என்று சொல்லிக் கொடுத்தாள். பொன்னுத்தாய் தையல்காரிக்குச் சொன்னாள். தையல்காரி வளையல் கடைக்குச் சொன்னாள். சாயந்திரத்துக்குள் சாலையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, வீடு நிறையப் புருஷனும் பிள்ளையும் மாமியாரும் இருக்கிற பொம்பளைகள் எல்லாரும் ஒரே டிக்கில் ஒண்டிக்கட்டையாகிவிட்டார்கள்.

அவள் பக்கத்தைத் திறந்து வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். எந்திரம் கிளம்பியது. பின்னாலிருந்து ரைட் என்று குரல் வந்தது. உண்மையைச் சொல்லவேண்டுமென்றால், முதலில் அவளுக்குப் பயம் வரவில்லை. செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு மேல் இந்தச் சத்தம் இருக்காது, எந்திரத்தின் மேல் துண்டு இருக்காது, ஒரு ஆளுக்கு மட்டும் அரிசி போட்டால் போதும் என்று ஒரு நினைப்பு வந்தது, அந்த நினைப்பு வெயிலில் நடந்து வந்து விசிறியடியில் உட்கார்ந்ததுபோல இதமாகக்கூட இருந்தது. அந்த இதத்திலேயே இரண்டு பிரதிக்கு அட்டை ஒட்டி முடித்தாள். பிறகு திரவியம் டீ வாங்கப் போனார். கால் மணி நேரத்தில் வரவேண்டியவர் அரை மணியாகியும் வரவில்லை. மூன்றாவது தடவை தெருவில் இறங்கி எட்டிப் பார்த்தபோதுதான், தான் பசைக் கையோடு வெயிலில் நின்றுகொண்டிருப்பது அவளுக்கே தெரிந்தது. டீக்கடையில் பழைய டிரைவர் ஒருத்தரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாராம். அவள் அவரைத் திட்டிய திட்டு வாசல் காவலாளிவரை கேட்டது.

வெள்ளிக்கிழமைக்குள் விஷயம் சாலை முழுக்கப் பரவியது, பரப்பியவளும் அவள்தான். பொம்பளைகள் கூடினார்கள். எல்லாரும் அழுவார்கள் என்று அவள் எதிர்பார்த்தாள், அப்படி ஒன்றும் நடக்கவில்லை. மாமியாரை மட்டும் அனுப்பிவிட்டு மற்றவர்களை நிறுத்திக்கொள்ள வழி இருக்கிறதா என்று தையல்காரி கேட்டாள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று என்றால் ஒரு ஆளில் எவ்வளவு போகும் என்று வளையல் கடைக்காரிக்குச் சந்தேகம். பொன்னுத்தாயின் புருஷன், ஆய்வின் எல்லை இந்தச் சாலையோடு முடிகிறது என்று தெரிந்ததும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவில் அக்கா வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். அப்படி அவர் போய்ப் படுத்ததால்தான் பொன்னுத்தாய் தனியாளாகியிருக்கிறாள் என்பதை அவருக்கு விளங்க வைக்க ஒரு பொழுது ஆயிற்று. அன்றைக்கு ஆம் என்று டிக் போட்ட பதினோரு பொம்பளைகளின் புருஷன்மார் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடமாடினார்கள். மீதிப் பேர் சொல்லாமலே தட்டைக் கழுவி வைத்தார்கள், அதைப் பார்த்துத்தான் சில பொம்பளைகளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

சிலர் இசக்கியம்மாளையே சூழ்ந்துகொண்டு, பைண்டிங் உன் கையில்தானே இருக்கிறது, அந்தப் பக்கத்தை மட்டும் மாற்றி அச்சடித்துச் செருகிவிடேன் என்றார்கள். அது ஆகாது என்று அவளுக்குத் தெரியும். அரிசி மண்டிக்காரர் ஒருவர் வணிகவியல் ஆய்வேட்டில் ஒரு பக்கத்தைக் கிழித்தே பார்த்துவிட்டார். தேர்வறையில் சொல்லிக் கையெழுத்தானதுதான் நடக்கும், தாளில் என்ன இருந்தால் என்ன. அதுவுமில்லாமல், அந்தப் பிள்ளை எழுதிய பக்கத்தில் கைவைக்க அவளுக்கு மனசும் வரவில்லை. பொய் சொன்னது தான், அதை நம்பி ஐந்து வருஷம் கூட்டிக் கழித்து எழுதியது அமலோற்பவம்.

ஞாயிற்றுக்கிழமை திரவியம் பரண்மேலிருந்த தன் பழைய தோல் பையை இறக்கித் துடைத்து, அதில் இரண்டு வேட்டியையும் ஒரு துண்டையும் மடித்து வைத்தார். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“விசில் அடிச்சாச்சுன்னா வண்டி நிக்காதுல்லா இசக்கி,” என்றார் அவர், சாதாரணமாக. “எடம் இருக்கும்போதே ஏறிக்கிட வேண்டியதுதான்.”

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் பையைப் பிடுங்கித் திரும்பவும் பரண்மேல் எறிந்தாள்.

திங்கட்கிழமை சமூகவியல் துறை அரங்கில் உட்கார இடமில்லை. வாசலில் அமலோற்பவத்தின் படம் போட்ட பேனர், உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மேசையில் லட்டும் மிக்சரும் காகிதத் தட்டுகளில் எடுத்து வைத்தபடி. மேடையில் அவளுடைய நெறியாளர் பேராசிரியர் தளவாய், பக்கத்தில் வெளியூரிலிருந்து தேர்வாளராக வந்திருந்த பேராசிரியை லீலாவதி, ஏழு மணி ரயிலுக்குத் திரும்பவேண்டியவர். அமலோற்பவம் நாற்பது நிமிஷம் பேசினாள். குரல் நடுங்காமல் பேசினாள். தொண்ணூற்றொன்று புள்ளி நான்கு என்று அவள் சொன்னபோது கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்து அடங்கியது. அவையோர் எவருக்கேனும் ஐயம் உண்டா என்று தளவாய் கேட்டார், கேட்டுவிட்டு, இல்லை என்ற முடிவோடு பேனா மூடியைத் திறந்தார்.

இசக்கியம்மாள் எழுந்தாள்.

“முப்பத்தேழாம் நம்பர் நாந்தாம்மா,” என்றாள். “எனக்கு வீட்டுக்காரர் இருக்காரு. அன்னைக்கும் பக்கத்துலதான் நின்னாரு. இல்லன்னு போட்டா நேரா முப்பத்திரண்டுக்குப் போயிரலாம்னு இருந்துச்சு, போட்டுட்டேன். போட்டதோட நிக்காம தெருப் பூராவும் சொல்லிக் குடுத்தேன். பொய் ஏம்மேலதான் இருக்கு, ஓம்மேல இல்ல.”

பொன்னுத்தாய் எழுந்து பன்னிரண்டாம் நம்பர் தான்தான் என்றாள். தையல்காரி எண்பத்தொன்று. வளையல் கடை நாற்பது. நாற்காலிகள் கிறீச்சிட ஒவ்வொருத்தியாக எழுந்துகொண்டே இருந்தார்கள். தளவாய் தலையில் கைவைத்துக்கொண்டார். பதிலளித்தவர்கள் யாரென்று வெளியில் தெரியக்கூடாது என்பது ஆய்வு நெறி, நீங்களே உங்கள் ரகசியத்தை இப்படி உடைத்தால் எப்படி அம்மா என்று அவர் மன்றாடியதை யாரும் காதில் வாங்கவில்லை. பூக்காரி செல்லக்கிளி மட்டும் உட்கார்ந்தே இருந்தாள். பக்கத்திலிருந்தவள் அவள் தோளைத் தட்டி எழச் சொன்னாள்.

“நான் போட்டது நெசந்தான்,” என்றாள் செல்லக்கிளி.

தோளைத் தட்டியவள் கையை எடுத்துக்கொண்டாள். பத்து வருஷமாக அவளிடம் பூ வாங்குகிறவர்கள் அங்கே ஐம்பது பேராவது இருந்தார்கள்.

எல்லாரும் அமலோற்பவத்தைப் பார்த்தார்கள். அவள் அழவில்லை. ஒலிபெருக்கியைத் தள்ளி வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கி இசக்கியம்மாளின் முன்னால் வந்து நின்றாள்.

“ஏழு மாசப் பிள்ளைய வயித்துல வச்சுக்கிட்டு ஒவ்வொரு வாசல்லயும் நின்னேன் அக்கா,” என்றாள். “பதினெட்டுக் கேள்வி. ஒரு டீ ஆறுத நேரம்.”

அந்த நேரத்தில் ஊரையே அலைக்கழித்த அத்தனை துறைகள்மேலும் மூன்று வருஷமாக இசக்கியம்மாள் சேர்த்து வைத்திருந்த எரிச்சலெல்லாம் திரும்பி அவள் மேலேயே வந்து உட்கார்ந்தது.

அமலோற்பவம் தன் நாற்காலிக்கடியில் இருந்த பையை இழுத்தாள். ஐந்து வருஷப் பழுப்போடு நூற்று இருபத்தெட்டுக் கேள்வித்தாள்களும் கயிறு போட்டுக் கட்டியபடி அதில் இருந்தன. கயிற்றை அவிழ்த்தாள். முப்பத்தேழை எடுத்தாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேனாவைத் திறந்தாள்.

“பதினாலாவது கேள்வி,” என்றாள். “வீட்ல யார் யார் இருக்காங்க?”

தளவாய் இது முறையல்ல என்று எழுந்தார். லீலாவதி அவரை உட்காரச் சொன்னார். முப்பது வருஷமாக இந்த மாதிரித் தேர்வுகளுக்குப் போய்வருகிறேன், பதில் சொன்னவர்கள் தாங்களாகவே எழுந்து நிற்கிறதை இன்றைக்குத்தான் பார்க்கிறேன், ரயில் ஏழு மணிக்குத்தானே என்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு கட்டுத் தாளை வாங்கிக்கொண்டு அவரும் கூட்டத்துக்குள் இறங்கினார். ஆய்வு மாணவர்கள் ஆளுக்குப் பத்துத் தாளாகப் பிரித்துக்கொண்டார்கள். லட்டும் மிக்சரும் தீர்ந்து, பொன்னுத்தாயின் கடையிலிருந்து இட்லி வந்து, அதுவும் தீர்ந்தது. யாருக்கு முதலில் சோறு போடுவீர்கள், யாரோடு அதிகம் சண்டை வரும், காய்ச்சலில் கிடந்தால் வெந்நீர் வைப்பது யார் என்று கேள்விகள் போய்க்கொண்டே இருந்தன, ஐந்து வருஷத்துக்கு முன் ஒரே எட்டில் தாண்டிய பதினெட்டையும் அந்தப் பொம்பளைகள் இப்போது ஒவ்வொன்றாக நடந்து கடந்தார்கள். இருபத்திரண்டாம் கேள்விக்கு மூன்று பேர் கொந்தளித்துத் தங்கள் மாமியார்களைப் பற்றிச் சொன்னதில் தாளின் பின்பக்கமும் நிரம்பியது. பதினான்கு முதல் முப்பத்தொன்று வரை எந்தக் கேள்வியும் இல்லாத செல்லக்கிளியின் பக்கத்தில் லீலாவதி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது.

அந்தப் பதினெட்டில் கடைசிக் கேள்வி முப்பத்தொன்று. அது அளக்க முடியாத கேள்வி, எடுத்துவிடு என்று தளவாய் அந்தக் காலத்திலேயே சிவப்பு மையில் அடித்திருந்தார், அமலோற்பவம் எடுக்காமல் விட்டிருந்தாள்.

“வீட்ல ஒருத்தர் இல்லாமப் போன நாள்ல, மொதல்ல உங்களுக்கு எது தெரியும்?”

இசக்கியம்மாள் திரும்பிப் பார்த்தாள். திரவியம் கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தார். தோளில் அந்தத் தோல் பை இருந்தது. பரணிலிருந்து மறுபடியும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார் மனுஷன்.

“மெஷின் கெளம்பும்,” என்றாள். “கெளம்பும்போது ஒருத்தரும் ரைட் சொல்ல மாட்டாங்க.”

அமலோற்பவம் அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

மூன்றரை மணிக்குத் தாள்கள் பேராச்சி ஜெராக்ஸுக்கு வந்தன. ஐந்தாம் இயலை அமலோற்பவம் சொல்லச் சொல்ல இசக்கியம்மாள் கடைக் கணினியில் தட்டினாள், ஒன்பதாம் வகுப்புத் தமிழில் எங்கே தடுக்கினாலும் லீலாவதி வாசலில் நின்றபடியே திருத்தினார், டீக்கடையிலிருந்து யாரோ டீ கொண்டுவந்து வைத்தார்கள், அது ஆறுவதற்குள் ஒரு பக்கம் முடிந்தது. முப்பத்தொன்றாம் கேள்விக்கு வந்த விடைகளில் ஒன்றுபோல ஒன்று இல்லாததால் அட்டவணை போட முடியவில்லை, எல்லாவற்றையும் அப்படியே பின்னிணைப்பாகச் சேர்க்க வேண்டியதாயிற்று, தளவாய் அதற்கு முனகியபடி சம்மதித்தார். முடிவு என்று என்னதான் போடுவது என்பதில் வெகுநேரம் இழுத்தது. கடைசியில் அமலோற்பவம் சொன்ன வாக்கியம் இதுதான்: இப்பெண்களில் பெரும்பாலோர் தம் குடும்பத்தார்மீது தீராத சலிப்புடன், அவர்களை விட்டு நீங்காமல், சேர்ந்தே வாழ்கின்றனர். ஐந்தே முக்காலுக்கு எல்லாரும் அரங்கத்துக்குத் திரும்பினார்கள், அந்த வாக்கியம் ஒலிபெருக்கியில் வாசிக்கப்பட்டது, திருத்தங்களுடன் ஏற்கப்பட்டது என்று எழுதி லீலாவதி கையெழுத்துப் போட்டார், அமலோற்பவத்தின் பிள்ளை அம்மாவுக்குக் கை தட்டியது.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு ஊர் முழுக்கப் பேருந்து நிலையத்துக்கு வந்து பார்த்தது. தோளில் மூட்டையோடு நிற்கும் முத்துக்கோனைத் தவிர அங்கே பயணத்துக்கு ஒருவருமில்லை. முதல் வண்டி காலியாகப் போனது. ஆறரைவரை காத்திருந்தார்கள், ஏழுவரை காத்திருந்தார்கள், எங்கே என்ன மாறியிருக்கிறது என்று வீட்டுக்கு வீடு போய்த் தேடினார்கள். எதுவும் மாறவில்லை. ஒரு ஆய்வு, ஏற்கெனவே இருப்பதைக் கண்டுபிடித்தது அந்த ஊரில் அதுவே முதல் தடவை. பல்கலைக்கழகச் சாலையில் மட்டும், நேற்றுவரை தட்டைக் கழுவி வைத்த புருஷன்மார் இன்றைக்குக் கழுவவில்லை என்று வீட்டுக்கு வீடு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. செல்லக்கிளி இயற்பியல் துறைக் கேட்டில் கூடையைச் சாய்த்து வைத்து உட்கார்ந்தபோது, இரண்டு பேர் பூ வாங்காமலே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

இசக்கியம்மாள் ஷட்டரைத் தூக்கினாள். வாசலில் பத்துப் பேர் நின்றார்கள், தாவரவியலில் ஏதோ வருகிறதாமே, கத்தரிக்காய்க்கு ஆபத்தா என்று கேட்டார்கள். எந்திரத்தின் மேல் ஈரத்துண்டு கிடந்தது. அதைச் சுருட்டி மூலையில் வீசிவிட்டு, யாரோ நீட்டிய ரேஷன் கார்டைக் கண்ணாடியில் கவிழ்த்து வைத்துப் பொத்தானை அழுத்தினாள். எந்திரம் இருமிக்கொண்டு கிளம்பியது. திரவியம் வாய் நிறைய டீயோடு நின்றிருந்தார். ஒரு நொடி ஒன்றும் கேட்கவில்லை. அவள் திரும்பாமல் நின்றாள்.

“ரைட்,” என்றார், விழுங்கிவிட்டு.

“ஆயிரம் தடவ சொல்லியாச்சு, அந்த வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்கன்னு,” என்றாள் அவள். கார்டுக்காரர் ஒரு பிரதி போதும் என்று கையை நீட்டினார். அவள் அதைக் கேட்காதவள்போல இன்னொரு முறை பொத்தானை அழுத்தினாள்.